போர்ஷேயைப் பிரித்துப் போட்டவர்: மாதிரி மகிழுந்துகளின் வரலாற்றில் ஒரு பக்கம்



இந்தப் பதிவை ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு தொடங்க வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் விகிதம். வெண்பலகையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருக்க, பின்வரிசையில் ஒரு மாணவன் மேசைக்கு அடியில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். அருகில் சென்று பார்த்தேன். இடக்கையில் ஒரு வெள்ளை நெகிழித் துண்டு. வலக்கையில் மடித்த மணல்தாள். ஒரு கேள்வியும் கேட்காமல் இரண்டையும் வாங்கி என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். பிறகு மறந்தும் போனேன்.

ஆண்டிறுதியில் தேர்ச்சி அறிக்கை பெற வந்த அவன் தாயார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஐயா, அந்த வண்டி மூடி உங்களிடம்தானே இருக்கிறது? அது இல்லாமல் அவன் வண்டி பாதியிலேயே கிடக்கிறது."

இழுப்பறையைத் துழாவி எடுத்தேன். கொடுப்பதற்கு முன் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அது ஒரு மாதிரி மகிழுந்தின் இயந்திர மூடி. நடுப்பகுதி தடிப்பாகவே இருந்தது. ஓரங்கள் மட்டும் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்க்கப்பட்டிருந்தன. பத்து பதினொரு வயதுப் பிள்ளை எதற்காக ஓரத்தை மட்டும் இவ்வளவு பொறுமையாகத் தேய்க்க வேண்டும்?

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது கிடைத்த வரலாறுதான் இந்தப் பதிவு. அவன் வைத்திருந்த பெட்டியின் மேல் சிவப்பிலும் நீலத்திலும் இரண்டு விண்மீன்கள் இருந்தன. அவை சப்பானின் ஷிசுவோக்கா நகரிலுள்ள தமியா நிறுவனத்தின் சின்னம். ஆதலால் அங்கிருந்தே தொடங்குவோம்.

மரம் அறுத்த நகரம்

தோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் இடையே, பசிபிக் கடலோரத்தில் அமைந்த நகரம் ஷிசுவோக்கா. சப்பானை ஒரு குடைக்கீழ் ஆண்ட தொக்குகாவா இயேயாசு தம் இறுதிக் காலத்தை இங்குக் கழித்து 1616-இல் மறைந்தார். அவர் காலத்திலும் அவர் வழிவந்தோர் காலத்திலும் இங்குப் பெரும் கோவில்கள் எழுந்தன. அப்பணிக்காக வந்த தச்சர்களும் அரக்குப் பூச்சுக் கலைஞர்களும் இங்கேயே தங்கினர் என்றும், அவர்கள் விட்டுச்சென்ற கைத்திறனே பிற்கால மரப்பொருள் தொழிலுக்கும் மாதிரித் தொழிலுக்கும் வித்து என்றும் அந்நகரத்தார் பெருமையோடு கூறுவர். இன்று தமியா, அவோஷிமா, ஃபுஜிமி முதலிய மாதிரி நிறுவனங்களுக்கு அதுவே தாயகம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், யோஷியோ தமியா என்பவர் அங்கு ஒரு மர அறுவை ஆலையையும் மர வணிகத்தையும் தொடங்கினார். மறு ஆண்டே மரத்தால் மாதிரிக் கப்பல், வானூர்தி செய்யும் பிரிவு ஒன்று அதனுள் உருவானது. 1953-இல் மர வணிகத்தை விட்டுவிட்டு நிறுவனம் முழுக்க மாதிரித் தொழிலுக்கே திரும்பியது. அவருடைய மகன் ஷுன்சாகு தமியா 1934-இல் பிறந்தவர். பல்கலைக்கழகப் படிப்பை முடித்து 1958-இல் தந்தையின் நிறுவனத்தில் சேர்ந்தார். நம் கதையின் நாயகர் இவரே.

அவர் சேர்ந்த காலம் நல்ல காலம் அன்று. அமெரிக்காவிலிருந்து நெகிழி மாதிரிகள் வந்து இறங்கின. மரத்தில் பல நாள் செதுக்க வேண்டிய வளைவு, நெகிழியில் அச்சிட்டபடியே கிடைத்தது. மர மாதிரியை வாங்குவார் குறைந்தனர். 1960-இல் தமியாவும் துணிந்து யமாட்டோ போர்க்கப்பலை 1/800 அளவில் நெகிழியில் வெளியிட்டது. போட்டி நிறுவனம் ஒன்று அதே கப்பலை மலிவாக விற்றது. தமியாவும் விலையைக் குறைக்க நேர்ந்தது. அச்சுக்குப் போட்ட பணம் திரும்பவில்லை. நிறுவனம் மீண்டும் மரத்துக்கே போகும் நிலை.

அந்த இக்கட்டில் கைகொடுத்தது ஒரு சிறிய பந்தய மகிழுந்து. வேறு பொம்மைக்காகச் செய்யப்பட்டுப் பயன்படாமல் கிடந்த அச்சுகளைக் கொண்டு எளிய பந்தய வண்டிகளை உருவாக்கி விற்றனர். அவை விற்றன. அந்த வருவாய் தந்த தெம்பில் 1960-களின் தொடக்கத்தில் செருமனியின் பாந்தர் பீரங்கி வண்டியை மின்பொறியோடு வெளியிட்டனர். அது பெரும் வெற்றி பெற்றது. உள்ளே மின்பொறியும் மின்கலங்களும் அடங்க வேண்டும் என்பதற்காக வண்டியின் பருமனை முடிவு செய்ய, அது 1/35 ஆக அமைந்தது. உலகெங்கும் இன்று போர்வண்டி மாதிரிகளுக்கு வழக்கமாகிவிட்ட 1/35 அளவு ஒரு மின்கலத்தின் பருமனிலிருந்து பிறந்தது என்றால் நம்ப முடிகிறதா?

அளவு என்னும் கணக்கு

மகிழுந்து மாதிரிகளின் அளவுக்கு வேறொரு பிறப்பு உண்டு. ஓர் அடிக்கு 12 அங்குலம். உண்மை வண்டியின் ஓர் அடியை ஓர் அங்குலமாகக் குறைத்தால் 1/12. அரை அங்குலமாகக் குறைத்தால் 1/24. பழைய அடி அங்குல முறையில் வரைபடம் வரைந்தவர்களுக்கு இவை எளிதாக இருந்தமையால் இவ்விரண்டும் நிலைபெற்றன.

நம் மாணவர்க்கு விகிதம் கற்பிக்க இதைவிட நல்ல பொருள் இல்லை. 1970-களின் போர்ஷே 911 வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 2,270 மி.மீ. தொலைவு. 1/12 மாதிரியில் அது 189 மி.மீ.; 1/24-இல் 95 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நீளம் 24 மடங்கு சுருங்கினால் பரப்பளவு 576 மடங்கு சுருங்கும். கன அளவு 13,824 மடங்கு சுருங்கும். 1,100 கிலோகிராம் எடையுள்ள வண்டியை அதே பொருள்களால் 1/24 அளவில் செய்ய முடிந்தால் எடை சுமார் 80 கிராம்தான்.

இங்கேதான் என் மாணவனின் மணல்தாளுக்கு விடை கிடைத்தது. உண்மை வண்டியின் இரும்புத் தகடு சுமார் 0.8 மி.மீ. தடிப்பு. அதை 24-ஆல் வகுத்தால் 0.033 மி.மீ.; தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழப் பாதி. அவ்வளவு மெல்லியதாக நெகிழியை அச்சில் வார்க்க இயலாது. மாதிரியின் உடல் சுமார் ஒரு மி.மீ. தடிப்பாக வருகிறது. அதை உண்மை அளவுக்குப் பெருக்கினால் 24 மி.மீ. கோட்டைக் கதவு போன்ற மகிழுந்து! முழுத் துண்டையும் மெலிதாக்கினால் உடைந்துவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஓரத்தை மட்டும் தேய்த்தால் போதும். முழுவதும் மெல்லிய தகடு என்று கண் நம்பிவிடும். வெண்பலகையில் நான் எழுதிக்கொண்டிருந்த கணக்கை அவன் மேசைக்கு அடியில் செய்துகொண்டிருந்தான்.

பந்தயக் கூடங்களும் பள்ளிக்கூடங்களும்

1960-களின் நடுவில் சப்பானில் ஒரு புதிய மோகம் பரவியது. பாதையில் உள்ள பள்ளத்தில் மின்சாரம் பெற்று ஓடும் சிறு பந்தய மகிழுந்துகள். நகரெங்கும் பந்தயக் கூடங்கள் திறக்கப்பட்டன. தமியாவும் அத்தகைய வண்டிகளைச் செய்தது. ஆனால் அக்கூடங்கள் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று பெற்றோரும் பள்ளிகளும் அஞ்சினர். போக வேண்டாம் என்று தடுத்தனர். மோகம் வந்த வேகத்திலேயே வடிந்தது. இதைப் படித்தபோது என் இழுப்பறைதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெற்றோரை நான் குறை கூறமாட்டேன். அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்திருக்கும். ஆனால் கூடத்தைத் தடுப்பது வேறு, கையில் உள்ள வேலை என்னவென்று பாராமலே பறிப்பது வேறு.

ஓடும் வண்டியைப் போலவே, நிறுத்தி வைத்து உற்றுப் பார்க்கும் வண்டியும் தமியாவின் கைத்திறனை வளர்த்தது. 1967-இல் ஹோண்டா நிறுவனத்தின் ஆர்.ஏ.273 என்னும் ஃபார்முலா ஒன் பந்தய வண்டியை 1/12 அளவில் வெளியிட்டனர். உண்மை வண்டி 1966-ஆம் ஆண்டு இத்தாலியப் பந்தயத்தில் முதன்முதலாகக் களம் கண்டது. மூன்று லிட்டர் கொள்ளளவும் 12 உருளைகளும் கொண்ட இயந்திரம் உடையது. மாதிரி செய்வதற்கு ஹோண்டா ஒத்துழைப்பு அளித்தது. இயந்திரம், குழாய்கள், சக்கரத் தாங்கிகள் என்று உள்ளுறுப்புகள் யாவும் தனித்தனியே வடிக்கப்பட்டன. பொம்மைக் கடையில் விற்ற பொருள் ஒரு பொறியியல் பாடமாகவே ஆனது.

போர்ஷேயைப் பிரித்தவர்

இனித் தலைப்புக்கு வருவோம். 1970-களின் நடுவில் ஷுன்சாகு தமியா போர்ஷே 934 வண்டியை மாதிரியாக்க விரும்பினார். 911 டர்போவைப் பந்தயத்துக்கென மாற்றி 1976-இல் போர்ஷே களமிறக்கிய வண்டி அது. அகன்ற சக்கரங்களை மூடுவதற்காக, சக்கர வளைவுகளின் மேல் தனித் துண்டுகள் திருகாணியால் பொருத்தப்பட்டிருக்கும். இயந்திரம் பின்புறம், மும்மூன்றாக எதிரெதிரே படுத்த ஆறு உருளைகள்.

அவர் செருமனிக்குச் சென்றார், படங்கள் எடுத்தார், அளந்தார். ஊர் திரும்பி வரைபடம் வரைய உட்கார்ந்தால், ஏதாவது ஓர் இடம் தெரியாமலே நிற்கும். எந்தக் குழாய் எதன் பின்னால் போகிறது? அந்தத் தாங்கி எங்கே பொருந்துகிறது? வெளியில் நின்று எடுத்த படம் உள்ளே இருப்பதைச் சொல்லாது. இறுதியில் அவர் உண்மையான போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கினார். வாங்கிய வண்டியைப் பிரித்தார். ஒவ்வோர் உறுப்பையும் கழற்றி, அளந்து, படம் எடுத்தார்.

பிரித்தாயிற்று. மீண்டும் பூட்ட முடியவில்லை! போர்ஷே வண்டிகளை அறிந்த தொழில்நுட்பர்களை வரவழைத்துத்தான் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிந்தது. இந்நிகழ்ச்சியை அவர் மறைக்கவில்லை. வெற்றிக் கதைகளுக்கு நடுவே தம் தோல்வியையும் சிரித்துக்கொண்டே சொல்லும் மனம் அவருக்கு இருந்தது. ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்துப் பூட்டத் தெரியாமல் விழிக்கும் பிள்ளையை வீட்டில் எத்தனை முறை கடிந்திருப்போம்?

1976-இல் 1/12 அளவில் அந்த மாதிரி வெளிவந்தது. பார்த்தோர் வியந்தனர். எனினும் செலவு மிக அதிகம். காட்சிக்கு வைக்கும் மாதிரியாக மட்டும் விற்று அதை ஈடுகட்ட இயலவில்லை. யமாட்டோ கப்பலின் நினைவு வந்திருக்கும். ஆனால் இம்முறை வேறு வழி கண்டனர். அதே உடலைப் பயன்படுத்தி, உள்ளே மின்பொறியும் மின்கலமும் வைத்து, அதே ஆண்டு தொலைக்கட்டுப்பாட்டு மகிழுந்தாகவும் வெளியிட்டனர். ஓராண்டுக்குள் ஓர் இலட்சத்துக்கும் மேல் விற்றது. தமியாவின் தொலைக்கட்டுப்பாட்டு மகிழுந்து வரிசைக்கு அதுவே முதல். துல்லியத்துக்காகச் செய்த செலவு, எதிர்பாராத வேறொரு கதவின் வழியாகத் திரும்பி வந்தது.

அச்சு முடியும் இடம்

இவ்வளவு பாடுபட்டுச் செய்த மாதிரியை வாங்குபவர் ஏன் மேலும் திருத்த வேண்டும்? பெட்டியில் இருப்பதை ஒட்டினால் போதாதா? போதாது என்பதற்குக் காரணம் அச்சின் இயல்பிலேயே உள்ளது.

நெகிழி மாதிரியின் அச்சு எஃகால் ஆனது. அடிப்படையில் இரண்டு பாதிகள். அவை இறுக மூடியதும் உருகிய நெகிழி அழுத்தத்தோடு உட்செலுத்தப்படும். ஆறியதும் பாதிகள் விலகும். சிறு கம்பிகள் உள்ளிருந்து தள்ள, துண்டு வெளியே வரும். இதிலிருந்து நான்கு குறைகள் பிறக்கின்றன.

முதலாவது, இரண்டு பாதிகள் சந்தித்த இடத்தில் மெல்லிய கோடு. இரண்டாவது, தள்ளிய கம்பிகளின் வட்டத் தழும்பு. மூன்றாவது, அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகச் செங்குத்தான சுவர்களும் சற்றே சரிவாக அமைவது. நான்காவது, அச்சு விலகும் திசைக்குக் குறுக்கே துளையோ குழிவோ அமைக்க இயலாமை. பக்கவாட்டில் நகரும் அச்சுத் துண்டுகளால் இதைச் செய்யலாம். ஆனால் செலவு கூடும். ஆகவே உண்மை வண்டியில் காற்று புகும் வலைத்தட்டி, மாதிரியில் கட்டியான பலகையாகவும், புகைபோக்கி துளையற்ற குச்சியாகவும் வந்து சேரும்.

இவற்றைத் திருத்துவதே மாதிரிக்கலைஞரின் பணி. புகைபோக்கியின் முனையைச் சிறு துளைக்கருவியால் குடைவர். அச்சுக் கோட்டைக் கத்தி முனையால் சுரண்டி நீக்குவர். கதவுக்கும் உடலுக்கும் இடையிலான கோட்டை, வண்ணம் பூசும் முன்பே ஆழப்படுத்துவர். ஏனெனில் வண்ணத்தின் தடிப்பை 24 மடங்கு சுருக்க நம்மால் இயலாது. ஆழப்படுத்தாவிட்டால் வண்ணமே அக்கோட்டை நிரப்பிவிடும். இயந்திரத்தின் ஒவ்வோர் உருளைக்கும் மெல்லிய கம்பியால் மின்வடம் இணைப்பர். இருக்கை வாரைத் துணி நாடாவால் செய்து, அமிலத்தில் அரித்தெடுத்த நுண்ணிய உலோகக் கொக்கியைக் கோப்பர். வண்ணம் காய்ந்த பிறகு மிக நுண்ணிய மணல்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, மெருகு ஏற்றுவர்.

நெடுங்காலம் இத்தகைய உலோகத் துண்டுகளைக் கலைஞர்களே தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் தமியா அதே போர்ஷே 934 மாதிரியை மறுவெளியீடு செய்தபோது, அரித்தெடுத்த உலோகத் துண்டுகளையும் பெட்டிக்குள்ளேயே வைத்தது. வாங்கியவர்கள் செய்த திருத்தம் செய்தவருக்கே பாடமாகித் திரும்பியது.

ஒன்றைக் கவனியுங்கள். இவற்றில் எதையும் பெட்டியிலுள்ள குறிப்பேடு கட்டாயம் என்று சொல்வதில்லை. உண்மை வண்டியின் படத்தையும் கையிலுள்ள துண்டையும் மாறி மாறிப் பார்க்கும் ஒருவருக்கு மட்டுமே அந்த வேலை கண்ணில் படும். போர்ஷேயைப் பிரித்தவருக்கும் என் வகுப்பின் பின்வரிசைப் பிள்ளைக்கும் பொதுவானது அந்தப் பார்வைதான்.

நம் பிள்ளைகளுக்கு

நம் நாட்டில் 'தமியா' என்றதும் பலருக்கு நினைவில் வருவது, நான்கு சக்கரமும் சுழன்று பாதையில் சீறிப் பாயும் சிறு வண்டி. அந்த வரிசை 1982-இல் தொடங்கியது. கடைவாசலில் பாதை அமைத்துப் பந்தயம் விட்ட பிள்ளைகள் இன்று பெற்றோராகியிருப்பர். ஷுன்சாகு தமியா 2025-ஆம் ஆண்டு சூலை மாதம் தம் 90-ஆம் வயதில் காலமானார்.

நம் பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று ஒரு பாடமே உண்டு. ஆனால் செய்து முடித்த பொருளுக்குத்தான் பெரும்பாலும் புள்ளி இடுகிறோம். மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் குறையைத் தானே காணும் கண்ணுக்கு இடுவதில்லை. ஒரு மாதிரிப் பெட்டியின் விலை எல்லாக் குடும்பத்துக்கும் எட்டுவதன்று என்பதும் எனக்குத் தெரியும். அட்டையும் அளவுகோலும் போதும். பள்ளிப் பேருந்தை 1/24 அளவில் செய்யச் சொல்லுங்கள். வாகன நிறுத்துமிடத்துக்கு அழைத்துச் சென்று உண்மையான பேருந்தை அளக்கச் சொல்லுங்கள். செய்து முடித்ததும், "எங்கே சரியாக வரவில்லை?" என்று கேளுங்கள். பசையும் வண்ணமும் பயன்படுத்தும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். கத்தி வேலைக்குப் பெரியவர் உடனிருங்கள்.

இனி அந்த மாணவன். மறு ஆண்டு, ஆறாம் ஆண்டில், ஒரு காலணிப் பெட்டியைப் பஞ்சு வைத்து நிரப்பித் தன் மகிழுந்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். நீல நிறம். இயந்திர மூடி கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. உண்மை வண்டியின் தகடு போலவே ஓரம் மெல்லியதாகத் தெரிந்தது. பறித்து வைத்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். அவன் வெட்கத்தோடு தலையை ஆட்டினான்.

"மிக நன்றாக வந்திருக்கிறது, ஐயா" என்று அவனையே ஐயா என்று அழைத்துப் பாராட்டினேன்.

அவன் வண்டியை மெல்லத் திருப்பி, கதவின் கீழ்ப்புறத்தை விரலால் காட்டினான். "இந்தக் கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது, ஐயா. அடுத்த வண்டியில் சரியாகச் செய்வேன்."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.